பூட்டிய பெட்டியா, எழுதிய சீட்டா, அரசனின் கடனா?

ஆம்ஸ்டர்டாமில் 1600-களின் தொடக்கத்தில் ஒரு மிளகு வியாபாரி சரக்கை விற்றுக் காசை வாங்கிவிட்டான் என்றால், அவனுடைய வேலை பாதிதான் முடிந்தது. பையைக் கவிழ்த்தால் ஸ்பானிய வெள்ளி ஒரு பக்கம், ஜெர்மானியச் சிற்றரசுகளின் காசு ஒரு பக்கம், டச்சு மாகாணங்கள் தனித்தனியாக அடித்த காசு இன்னொரு பக்கம். விளிம்பைச் சுரண்டியது, தேய்ந்தது, வெள்ளியைக் குறைத்து அடித்தது எல்லாம் அதில் கலந்திருக்கும். நாணயமாற்றுக்காரர்கள் படம் போட்ட கையேடுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான காசு வகைகளை அடையாளம் பார்த்தார்கள். கனமான காசு உருக்கப் போகும். தேய்ந்த காசு கடனை அடைக்கப் போகும். இதில் யாருக்கும் வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

இந்தத் தொல்லைக்கும், இதோடு பிறந்த மற்ற பணத் தொல்லைகளுக்கும் அடுத்த தொண்ணூறு ஆண்டுகளுக்குள் வட ஐரோப்பா மூன்று மருந்துகளைக் குடித்துப் பார்த்தது. 1609-ல் ஆம்ஸ்டர்டாம் நகரசபை தொடங்கிய மாற்று வங்கி ஒன்று. 1656-ல் சாசனம் பெற்று மறு ஆண்டு திறந்த ஸ்டாக்ஹோம் வங்கி இரண்டாவது. 1694-ல் லண்டனில் பிறந்த இங்கிலாந்து வங்கி மூன்றாவது. மூன்றுக்கும் வங்கி என்றே பெயர். மூன்றும் வேறு வேறு பிராணிகள். வழக்கமாகச் சொல்லப்படும் கதையில் முதலாவது ஒழுக்கமான பிள்ளை, இரண்டாவது ஊதாரி, மூன்றாவது பிழைக்கத் தெரிந்தவன். இந்த மதிப்பெண் பட்டியலோடு எனக்குச் சண்டை உண்டு.

ஆம்ஸ்டர்டாம் வங்கிக்கு முன்மாதிரி, வெனிஸில் 1587-ல் தொடங்கிய ரியால்டோ வங்கி. வேலை எளிது. காசைக் கொண்டுவந்தால் எடை போட்டு, தரம் பார்த்து, அதில் உண்மையாக இருக்கும் வெள்ளியின் மதிப்பைப் பேரேட்டில் உங்கள் பெயரில் வரவு வைப்பார்கள். இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டுமா? உங்கள் கணக்கில் கழித்து அவர் கணக்கில் கூட்டுவார்கள். கடன் கொடுப்பதில்லை என்பதுதான் ஊருக்குச் சொன்ன கொள்கை. 600 கில்டரும் (கில்டர் என்பது டச்சு நாணயம்) அதற்கு மேலும் உள்ள உண்டியல்களை இந்த வங்கி வழியாகத்தான் தீர்க்க வேண்டும் என்று நகரசபை விதி போட்டது. (நகரத்தார் வணிகத்தில் புழங்கிய அதே உண்டியல்தான்: வெளியூரில் உள்ளவர் இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கட்டும் என்று எழுதித் தரும் சீட்டு.) அதனால் பெரிய வணிகர் எவரும் அங்கே கணக்கு இல்லாமல் தொழில் செய்ய முடியாது என்றாயிற்று.

விளைவு விசித்திரமானது. பேரேட்டில் உள்ள கில்டர், தெருவில் புழங்கும் கில்டரைவிட உசத்தியாகிவிட்டது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை நம் பழைய வணிகச் சொல்லில் வட்டம் என்று சொல்லலாம். சாதாரண நாட்களில் அது 4 அல்லது 5 சதவீதம். கையில் எடுக்க முடியாத ஒரு மைப் பதிவுக்கு, பையில் குலுங்கும் வெள்ளியைவிட விலை அதிகம்!

பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1776-ல் வெளியிட்ட நூலில் இந்த வங்கிக்கென்றே பல பக்கங்களை ஒதுக்கினார். அவர் தரும் கட்டண விவரம் படிக்கச் சுவையானது. கணக்குத் தொடங்க 10 கில்டர். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 2 ஸ்டைவர் (20 ஸ்டைவர் ஒரு கில்டர்). தொகை 300 கில்டருக்குக் குறைவு என்றால் 6 ஸ்டைவர். சில்லறை மாற்றங்கள் பெருகிவிடக் கூடாது என்பது எண்ணம். இருப்புக்கு மேல் எழுதிக் கொடுத்துவிட்டால் அதிகப்படியான தொகைக்கு 3 சதவீதம் அபராதம். ஆண்டுக்கு இரண்டு முறை கணக்கை நேர் பார்க்க வராவிட்டால் 25 கில்டர். வாடிக்கையாளரிடம் எதற்கெடுத்தாலும் பிடித்தம் செய்யும் வழக்கம் நம் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல என்று தெரிந்ததில் எனக்கு ஓர் அற்ப நிம்மதி.

இனி 1672. அந்த ஆண்டு ஜனவரியில் இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் தன் கருவூலத்திலிருந்து கடன் கொடுத்தவர்களுக்குப் பணம் போவதை நிறுத்தி ஆணையிட்டார். லண்டனில் அப்போது வங்கித் தொழில் செய்தவர்கள் பொற்கொல்லர்கள். 1640-ல் முதலாம் சார்லஸ், நாணயச்சாலையில் வணிகர்கள் பத்திரமாக வைத்திருந்த பொன் வெள்ளியில் கைவைத்த பிறகு, இனி அரசனின் பாதுகாப்பே வேண்டாம் என்று வணிகர்கள் பொற்கொல்லர்களிடம் போயிருந்தார்கள். அந்தப் பொற்கொல்லர்களோ அதே பணத்தை வட்டிக்கு ஆசைப்பட்டு அவர் மகன் இரண்டாம் சார்லஸிடம் கொடுத்திருந்தார்கள். சுமார் 13 லட்சம் பவுண்டு ஒரே ஆணையில் முடங்கிப்போனது.

அதே ஆண்டு கோடையில் பிரான்சின் பதினான்காம் லூயியின் படை உட்ரெக்ட் வரை வந்துவிட்டது. ஆம்ஸ்டர்டாம் வங்கியின் வாசலில் கூட்டம். கேட்டவர்களுக்கெல்லாம் வங்கி எண்ணிக் கொடுத்தது. அப்போது வெளியே வந்த காசுகள் சிலவற்றில் கரிந்த தடம் இருந்ததாம். வங்கி நகர மன்றக் கட்டடத்துக்குள் இருந்தது. அந்தப் பழைய கட்டடம் 1652-ல் எரிந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் தீயில் அகப்பட்ட காசு, யார் கையும் படாமல் அப்படியே பெட்டியில் கிடந்திருக்கிறது. ஒரு வங்கிக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது. அன்றைக்கு யாராவது உங்களிடம் பணத்தை ஆம்ஸ்டர்டாமில் வைப்பதா, லண்டனில் வைப்பதா என்று கேட்டிருந்தால், கேட்டவரின் புத்தியைத்தான் சந்தேகித்திருப்பீர்கள்.

ஸ்டாக்ஹோமின் கதை அதற்குள் முடிந்திருந்தது. அதைத் தொடங்கிய யோகான் பால்ம்ஸ்ட்ருக் ரீகாவில் பிறந்தவர். ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்து, அங்கே கடனுக்காகச் சிறையும் கண்டவர். சுவீடனின் கஷ்டம் வேறு மாதிரி. ஃபாலுன் சுரங்கத்தில் செம்பு கொட்டிக் கிடந்தது, வெள்ளி குறைவு. எனவே செம்பையே அதன் எடை மதிப்புக்குப் பணமாக அடித்தார்கள். 1644-ல் அடித்த 10 டாலேர் (டாலேர் என்பது சுவீடனின் பணம்) தகடு ஒன்றின் எடை 19.7 கிலோ. நான்கு தகடு கொடுக்க வேண்டியவர் வண்டி கட்ட வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் ‘தகட்டை என்னிடம் வைத்துவிட்டு ஒரு காகிதத்தோடு போங்கள்’ என்று ஒருவர் சொன்னால் யார் வேண்டாம் என்பார்கள்?

பால்ம்ஸ்ட்ருக் வங்கியில் இரண்டு பிரிவுகளை வைத்தார். ஒன்று ஆம்ஸ்டர்டாம் பாணி. மற்றொன்று அடமானத்தின் பேரில் கடன் தருவது. வெளியே இரண்டு கதவு, உள்ளே ஒரே பெட்டி: போட்டவர் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், வாங்கியவர் பல ஆண்டு கழித்துத்தான் தருவார். 1660-ல் அரசு எடை குறைந்த புதிய தகடுகளை அடித்தது. உடனே பழைய தகட்டின் செம்பு மதிப்பு கூடிவிட்டது. வைத்திருந்தவர்கள் எல்லோரும் ‘என் தகட்டைக் கொடு’ என்று வரிசையில் நின்றார்கள். தகடு கடனாகப் போயிருந்தது. 1661-ல் அவர் செய்த காரியம்தான் வரலாறு. முழுத் தொகைகளில், வட்டி இல்லாமல், கையில் வைத்திருப்பவருக்குத் தருவதாக உறுதிகூறும் கடன் சீட்டுகளை வெளியிட்டார். ஐரோப்பாவின் முதல் வங்கித் தாள் அதுதான். ஜனங்களுக்குப் பிடித்தது. சீட்டு பிரபுக்களுக்கும் கடனாகப் போனது, மேலும் மேலும் போனது. 1663-ல் மீண்டும் வரிசை. 1664-ல் சீட்டுகளைத் திரும்பப் பெறும் முடிவு, அதற்காகக் கடன் வாங்கியவர்களை நெருக்குதல், ஊரெல்லாம் பண முடை. 1668-ல் அவருக்கு மரண தண்டனை விதித்து, பிறகு சிறைவாசமாகக் குறைத்தார்கள். 1671-ல் இறந்தார்.

மோசடிக்காரர் என்று அவரைத் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் கேட்டவுடன் தரவேண்டிய பணத்தை நீண்ட காலக் கடனாகக் கொடுப்பதும், கைவசம் உள்ள உலோகத்துக்கு மேல் சீட்டு வெளியிடுவதும் பின்னால் வந்த வங்கிகளுக்கு அன்றாட வேலையாயின. அவருடைய கணக்கில் எனக்கு இடிக்கும் வரி வேறு: சாசனப்படி லாபத்தில் பாதி அரசுக்கு. கண்காணிக்க வேண்டியவரே பங்காளி. அப்புறம் யார் வந்து ‘போதும் நிறுத்து’ என்று சொல்வது? வங்கி உடைந்தபின் அதை நாடாளுமன்றத்தின் பொறுப்பில் எடுத்தார்கள். பிரபுக்கள், மதகுருமார், நகரவாசிகள் ஆகிய மூன்று அவைகளும் சேர்ந்தன. விவசாயிகள் அவை மட்டும் எங்களுக்கு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டது. சூடு கண்ட பூனை அல்லவா! புதிய வங்கி சீட்டே வெளியிடக் கூடாது என்றும் தடை போட்டார்கள். ரிக்ஸ்பேங்க் என்ற பெயரில் அது இன்றும் இயங்குகிறது. உலகில் உயிரோடு இருக்கும் மத்திய வங்கிகளில் மூத்தது அதுதான்.

அடுத்து லண்டன். 1690-ல் பீச்சி முனைக் கடற்போரில் பிரெஞ்சுக் கப்பற்படையிடம் அடி வாங்கிய அரசுக்குக் கப்பல் கட்டப் பணம் வேண்டும்; 1672-ஐ மறக்காத ஊரில் யார் கொடுப்பார்கள்? வில்லியம் பேட்டர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் யோசனை சொன்னார், நிதியமைச்சர் சார்லஸ் மான்டேகு நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார். பங்குதாரர்கள் சேர்ந்து 12 லட்சம் பவுண்டு அரசுக்குக் கடன் தர வேண்டும். அசலைத் திருப்பித் தர அவசரம் இல்லை. வட்டி 8 சதவீதம், அதாவது 96,000. நிர்வாகச் செலவுக்கு 4,000. ஆக ஆண்டுக்கு ஒரு லட்சம். பதிலுக்கு வங்கியாக இயங்கும் சாசனம். இரண்டு வாரத்துக்குள் முழுத் தொகைக்கும் ஆள் சேர்ந்துவிட்டது. அரசரும் அரசியும் 10,000 பவுண்டுக்குப் பெயர் எழுதினார்கள். 17 எழுத்தர்கள், 2 வாயில்காப்போர், அவ்வளவுதான் அலுவலகம்.

ஆம்ஸ்டர்டாம் கணக்குப் பிள்ளை ஒருவரை அழைத்துவந்து இந்தப் பெட்டியைத் திறந்து காட்டியிருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். வெள்ளி இருக்க வேண்டிய இடத்தில் அரசு எழுதிக் கொடுத்த வாக்குறுதி! அவர் கண்ணுக்கு இது ஸ்டாக்ஹோமின் தம்பி. உண்மையில் அவர் சொல்வது பாதிக்கு மேல் சரி. 1696-ல் தேய்ந்த காசுகளை எல்லாம் திரும்ப வாங்கிப் புதிதாக அடிக்க முற்பட்டபோது ஊரில் காசு வற்றியது. மே மாதம் சீட்டோடு வந்தவர்களுக்கு வங்கியால் முழுத் தொகை கொடுக்க முடியவில்லை. 1797-லும் தங்கம் கொடுப்பதை நிறுத்தி, 1821-ல்தான் முழுமையாகத் தொடங்கியது. ‘கேட்டால் கொடுக்குமா’ என்பதுதான் தேர்வு என்றால் லண்டன் இரண்டு முறை தோற்றது.

இருந்தும் அது விழவில்லை. காரணம் பெட்டியில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. இரண்டாம் சார்லஸ் வாங்கியது அரசனின் கடன். ஒரு காலையில் எழுந்து நிறுத்திவிட முடிந்தது. 1694-ல் வாங்கியது நாடாளுமன்றத்தின் கடன். கப்பல் சரக்களவு வரியும் பீர் வரியும் இந்த வட்டிக்கென்றே பெயர் சொல்லி ஒதுக்கப்பட்டன. நாடாளுமன்றம் அனுமதிக்காமல் மன்னருக்கு வங்கி ஒரு காசும் கடன் தரக் கூடாது என்றும் சட்டம் சொன்னது. அந்த அவையில் இருந்தவர்களும் அவர்கள் உறவினர்களும்தான் பங்குதாரர்கள். தங்கள் பணத்துக்குத் தாங்களே நாமம் போட்டுக்கொள்ள மாட்டார்கள். சொந்த நலம்தான், தேசபக்தி என்று யாரும் ஏமாற வேண்டாம். 1697-ல் சாசனம் வலுப்பெற்றபோது அதன் சீட்டைப் போலியாக எழுதுபவருக்கு மரண தண்டனை வந்தது. ஸ்டாக்ஹோமில் சீட்டு வெளியிட்டவருக்கு விதித்த தண்டனை, லண்டனில் அதைப் போலி செய்தவருக்குப் போய்ச் சேர்ந்தது.

போட்டி இல்லாமலும் இல்லை. 1696-ல் நிலத்தை ஈடாக வைத்து நில வங்கி என்று ஒன்றைத் தொடங்கி 25 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டப் பார்த்தார்கள். அரசர் 5,000 போட்டார். பொதுமக்கள் போட்டது 2,100. பிரான்சில் ஜான் லா 1716-ல் தொடங்கிய வங்கி, 1718 இறுதியில் அரச வங்கியாகி, அவரே நடத்திய மிசிசிப்பி வணிகக் கம்பெனியின் பங்கு விலையைத் தாங்கிப் பிடிக்கச் சீட்டாக எழுதித் தள்ளி, 1720-ல் கவிழ்ந்தது. அங்கே ‘மாட்டேன்’ என்று சொல்லும் அதிகாரம் பெற்ற அவை எதுவும் இல்லை. சிறுவனான அரசனுக்காக ஆண்ட ராஜப் பிரதிநிதி சரி என்றால் சரி.

சாமானியனுக்கு எது உதவியது என்று கேட்டால் பதில் சங்கடமானது. ஆம்ஸ்டர்டாம் வங்கி பெருவணிகர்களின் சங்கம். லண்டன் வங்கி 1696-ல் 50 பவுண்டுக்குக் குறைந்த சீட்டு இல்லை என்று முடிவு செய்தது. ஆண்டு முழுதும் உழைத்தாலும் 20 பவுண்டு பார்க்காதவர்கள்தான் ஊரில் அதிகம். ஊதாரி என்று பெயர் வாங்கிய ஸ்டாக்ஹோம்தான் 10 டாலேருக்கும் சீட்டு கொடுத்தது.

ஒழுக்கமான பிள்ளைக்கு என்ன ஆயிற்று? புழக்கத்தில் உள்ள ஒவ்வொரு வங்கிக் கில்டருக்கும் ஈடாகப் பெட்டியில் ஒரு கில்டர் உண்டு என்று ஆம்ஸ்டர்டாம் முழுதும் நம்பியது. நான்கு மேயர்கள் ஆண்டுதோறும் பொறுப்பேற்கும்போது இருப்பைக் கணக்கோடு ஒப்பிட்டுச் சத்தியம் செய்வதை ஸ்மித் மரியாதையோடு குறிப்பிடுகிறார். அவர் எழுதிய நாட்களுக்கு வெகுகாலம் முன்பே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அந்தப் பெட்டியிலிருந்து ரகசியமாகக் கடன் போய்வந்துகொண்டிருந்தது. கப்பல் திரும்பியதும் பணமும் திரும்பிவிடும். அதனால் யாருக்கும் தெரியவில்லை. 1780-ல் ஆங்கிலேயரோடு போர் மூண்டது. கப்பல்கள் பிடிபட்டன; 1781 நவம்பரில் கம்பெனியின் சோழமண்டலத் தலைமையிடமான நாகப்பட்டினமே கைமாறியது. கடன் திரும்பவில்லை, மேலும் கடன் போனது.

லண்டன் சட்டம் போட்டு, வரியைக் காட்டி, ஊரறியச் செய்த காரியத்தை ஆம்ஸ்டர்டாம் கதவைச் சாத்திக்கொண்டு செய்தது. அதனால் கடனுக்கு ஈடாக எந்த வரியையும் எழுதி வாங்க முடியவில்லை. கொடுக்காதே என்று யாரும் தடுக்கவும் வழியில்லை. 1790-ல் வங்கி தன் பணத்தை 10 சதவீதம் குறைத்துத்தான் வெள்ளியாகத் தரும் என்று அறிவித்தது. 1795-ல் பிரெஞ்சுப் படை வந்து ஆட்சி மாறியபோது பேரேடுகள் வெளிச்சத்துக்கு வந்தன. 1819-ல் மூடுவிழா. ஆனால் சந்தை அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. 1790-லேயே வட்டம் தலைகீழாகிவிட்டது: எந்தத் தெருக் காசுக்குப் பயந்து 1609-ல் வணிகர்கள் இந்த வங்கிக்குள் நுழைந்தார்களோ, அந்தக் காசு இப்போது வங்கிக் கில்டரைவிட அதிக விலைக்குப் போனது.