ஃபைபர் போட்டை ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறீர்களா? மூடுவதற்கு முன் பலகையைப் பாருங்கள்

போன ஐப்பசியில் எங்கள் நைனாவின் (அப்பாவின்) ஃபைபர் போட்டை ரிப்பேருக்குக் கொடுத்து 65,000 ரூபாயைத் தொலைத்தேன். வடசென்னையில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு ஷெட். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. ஆனால் அந்த ஷெட்டுக்காரர் செய்த வேலையை விவரமாக எழுதுகிறேன். அதே வேலையை யார் செய்தாலும் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

நாங்கள் நீலாங்கரைக் குப்பத்துக்காரர்கள். நான் கடலுக்குப் போவதில்லை, பெருங்குடியில் ஓர் ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். நைனா இன்னும் போகிறார். 24 அடி போட், 2009-இல் வாங்கியது, பின்னால் 9.9 எச்பி அவுட்போர்டு எஞ்சின். ஒரு வருடமாகவே மேல்தளம் ஓரிடத்தில் மிதித்தால் ஈர மெத்தை மாதிரி அமுங்கியது. எஞ்சின் மாட்டும் பின்பலகையிலும் லேசாக ஆட்டம். ஷெட்டுக்காரர்கள் அதை டிரான்சம் என்பார்கள்.

ஃபைபர் மக்காது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது உண்மைதான், ஃபைபர் மக்காது. ஆனால் தளத்துக்குள்ளும் பின்பலகைக்குள்ளும் பிளைவுட் இருக்கிறது. போல்ட் ஓட்டை வழியாகவும் கீறல் வழியாகவும் தண்ணீர் இறங்கினால் வெளியே வர வழியில்லை. மரம் உள்ளேயே ஊறி மக்கும். அதிலும் உப்புத்தண்ணீரைவிட மழைத்தண்ணீர் மோசம். மரத்தை மக்க வைக்கும் பூஞ்சைக்கு உப்பு ஆகாது, நல்ல தண்ணீர் என்றால் கொண்டாட்டம். மழைக்காலம் முழுக்கக் கரையில் தண்ணீர் தேங்கிக் கிடக்கும் போட்தான் சீக்கிரம் போகும்.

அந்த நேரம் பார்த்து நைனாவுக்குக் கண்புரை ஆபரேஷன். தூசியும் கடல் தண்ணீரும் கண்ணில் படக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடலும் கொந்தளிப்பாக இருந்தது. இதுதான் சமயம் என்று நானே ஆள் தேடினேன், நானே பேசினேன். நோட்டுப் பேப்பரில் ஷெட்டுக்காரர் எழுதிக் கொடுத்த கணக்கு இது: தளத்துக்கு 12 மில்லி மரைன் ப்ளை, பின்பலகைக்கு 18 மில்லி மரைன் ப்ளை இரண்டு ஒட்டி, இரண்டு பக்கமும் மேட் (ரெசின் என்ற பசையில் ஊறவைத்து ஒட்டும் கண்ணாடி இழை விரிப்பு), ரோவிங் (அதே இழையில் நெய்த கனமான துணி), மேலே பச்சை ஜெல்கோட் (பளபளப்பான மேல்பூச்சு). 65,000. முன்பணம் 40,000. 407 வண்டியில் போட்டை ஏற்றி அனுப்பினேன்.

தினமும் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. எல்லாமே வெளிப்பக்கப் படம். ஒரு நாள் நைனா கேட்டார்: "பலகய தொறந்து பாத்தியாடா?" படம் வருதே நைனா என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பதினான்காவது நாள் போட் வந்து இறங்கியது. கண்ணாடி மாதிரி பளபளப்பு. குப்பமே வந்து பார்த்தது, எனக்கு ஒரே பெருமை. மீதி 25,000-ஐ அங்கேயே ஜிபே செய்தேன். நைனா கறுப்புக் கண்ணாடியோடு வந்து, ஸ்பேனர் காம்பால் பின்பலகையைத் தட்டிப் பார்த்தார். நடுவில் 'டக் டக்' என்ற சத்தம் ஓரத்துக்குப் போகப் போக 'தொப் தொப்' என்று மாறியது. "சத்தம் சரியில்லையே" என்றார். "புது ரெசின் சார், செட் ஆக நாளாகும்" என்று ஷெட்டுக்காரர் எனக்குச் சொல்லியிருந்ததை அப்படியே நைனாவிடம் ஒப்பித்தேன். நாற்பது வருடம் கட்டுமரமும் போட்டும் ஓட்டியவருக்கு நான் பாடம் எடுத்த லட்சணம் இது.

தை முழுக்க ஓடியது. மாசியில் ஒரு நாள், எஞ்சினை முடுக்கினால் பின்பலகை மூச்சு விடுவது மாதிரி உள்ளே போய் வெளியே வந்திருக்கிறது. நைனா வேகத்தைக் குறைத்து, பக்கத்துப் போட்டில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கரை சேர்ந்தார். எஞ்சினைக் கழற்றியதும் போல்ட் ஓட்டையிலிருந்து டீ டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் சொட்டியது. நைனா விரலில் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, "உள்ள பழைய மரம்தான் இருக்கு" என்றார்.

கோவளத்திலிருந்து தெரிந்த ஃபைபர் வேலைக்காரர் ஒருவரை வரவழைத்துத் திறந்தோம். கட்டிங் வீலை வைத்ததுமே மேல் லேயர் அப்பளம் மாதிரி மொத்தமாகக் கழன்று வந்தது. அடியில் பழைய பெயின்ட் அப்படியே இருந்தது. ஷெட்டுக்காரர் தேய்க்காமல் பெயின்ட்டின் மேலேயே மேட்டை ஒட்டியிருக்கிறார், அதுவும் ஒரே ஒரு லேயர். ரோவிங் கண்ணிலேயே படவில்லை. மூலைகளில் கார் டிங்கரிங் பட்டியை அரை இஞ்ச் கனத்துக்கு அப்பியிருந்தார். பின்பலகையில் 18 மில்லி இரண்டும் கிடையாது. நடுவில் மட்டும் ஒரு துண்டு ஆறு மில்லி ப்ளையைப் பழைய மரத்தின் மேல் ஒட்டி மூடிவிட்டார். பழைய மரத்தைக் கையால் பிடித்தால் ஊறின ரொட்டி மாதிரி பிய்ந்தது.

தளத்தில் புது ப்ளை இருந்தது. அதன் அடிப்பக்கத்தில் முத்திரை தெளிவாகத் தெரிந்தது: ஐஎஸ் 303, எம்ஆர். ஐஎஸ் என்பது இந்தியத் தர முத்திரை; மரைன் ப்ளைக்கு அது ஐஎஸ் 710. அதை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிப்பார்கள், பசை விடக்கூடாது. எம்ஆர் என்பது வீட்டு அலமாரி செய்கிற சரக்கு. அந்த முத்திரையைப் போட்டோ எடுத்து அவருக்கே அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. நேரில் போனபோது அவர் சொன்ன வார்த்தையை இன்னும் மறக்க முடியவில்லை: "கடல்ல ஓட்டுனா அப்படித்தான் சார் ஆவும்."

போட்டைக் கடலில் ஓட்டாமல் வேறு எங்கே ஓட்டுவது?

என்னிடம் பில் இல்லை. நோட்டுப் பேப்பரில் கையெழுத்தோ தேதியோ கிடையாது. கைகொடுத்தவை இரண்டு ஜிபே ரசீதும், வாட்ஸ்அப்பில் அவரே அனுப்பிய "மரைன் 18+18 போட்டாச்சு" என்ற ஒரு வரியும்தான். நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் பதிந்தோம், பிறகு நைனா பெயரில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை. பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். நோட்டீஸ் போனதும் 15,000 அனுப்பிவிட்டு "முடிச்சிக்கலாம் சார்" என்றார். முடிக்கவில்லை.

கோவளத்துக்காரர் மறுபடி செய்த வேலையை நான் லீவு போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். வெளிப்பக்க ஃபைபரை அப்படியே வைத்துக்கொண்டு உள்பக்கத்தை வெட்டினார். மக்கின மரத்தை உளியால் கடைசி நார் வரை சுரண்டி எடுத்தார். அப்புறம் பத்து நாள் தார்ப்பாய் கட்டி, ஃபேன் வைத்துக் காய விட்டார். ஈர மரத்தில் ரெசின் பிடிக்காது, அவசரப்பட்டால் திரும்ப இதே கதைதான் என்றார். (முதல் ஆள் அடைமழையில் பதினான்கு நாளில் முடித்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.) முத்திரையைக் காட்டிவிட்டுத்தான் ப்ளையை அறுத்தார். அறுத்த விளிம்பெல்லாம் ரெசினைக் குடிக்க விட்டார். மேட், ரோவிங் என்று மாற்றி மாற்றி ஆறு லேயர். போல்ட் ஓட்டையைப் பெரிதாகத் துளைத்து, கெட்டி ரெசினால் அடைத்து, இறுகிய பிறகு அதன் நடுவில் சரியான அளவில் மறுபடி துளைத்தார். போல்ட்டைச் சுற்றி மரமே தெரியவில்லை, தண்ணீருக்கு வழியும் இல்லை.

இடையில் நானே ஒரு டப்பா கலக்குகிறேன் என்று ஹார்டனரை எடுத்தேன். பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார். முதலில் கோபால்ட்டை (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) ரெசினில் நன்றாகக் கலந்துவிட்டுத்தான் ஹார்டனர் ஊற்ற வேண்டுமாம். இரண்டையும் நேராகச் சேர்த்தால் வெடித்துவிடும். வீட்டிலேயே முயற்சி செய்கிறவர்கள் இதை மனதில் வையுங்கள். தேய்க்கும்போது பறக்கும் ஃபைபர் தூசிக்கு முழுக்கைச் சட்டையும் மாஸ்க்கும் கட்டாயம். எனக்கு இரண்டு நாள் கழுத்தெல்லாம் சுணை.

இதற்கு 88,000 ஆனது. நைனா நாற்பது நாள் கடலுக்குப் போகவில்லை, அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. எஞ்சினைத் திரும்ப மாட்டியதும் அதன் கீழ்க்காலைப் பிடித்து நைனா முழு பலத்தோடு மேலும் கீழும் ஆட்டினார். பலகை அசையவில்லை. ஸ்பேனரை எடுத்து ஓரம் வரை தட்டினார். எல்லா இடத்திலும் ஒரே 'டக் டக்'.

போன வாரம் ஆபீஸ் நண்பன் ஒருவன் தன் மாமனாரின் போட்டுக்காக விசாரித்துவிட்டு, "ஒரு ஷெட்டுல சாம்பிள் காட்டுனாங்கடா, சூப்பரா இருக்கு" என்று ஒரு படத்தை அனுப்பினான். பச்சை போட், கண்ணாடி மாதிரி பளபளப்பு. பின்னால் எங்கள் குப்பத்துக் கோயில் சுவரும், ஓரத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட நைனாவின் பாதி முகமும் தெரிகிறது. அந்தப் படத்தை உங்களிடமும் காட்டினால், உள்ளே என்ன இருந்தது என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.