பெட்ரோல் காரா, டீசல் காரா? கரியை வைத்து ஓர் அலசல்

சென்ற ஆண்டு கார் வாங்கியபோது பெட்ரோலைத்தான் எடுத்தேன். டீசலுக்கு மைலேஜ் அதிகம், இழுவை அதிகம், விலையும் அதிகம். இதெல்லாம் எல்லோரும் அறிந்ததே. என் முடிவைத் தீர்மானித்தது எஞ்சினுக்குள் உருவாகும் கரி.

என் காரில் பெட்ரோல் உள்ளிழுப்புக் குழாயிலேயே காற்றுடன் கலந்துவிடுகிறது, பிறகுதான் தீப்பொறி. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று. நன்றாகக் கலந்து எரிவதால் கரி மிகக் குறைவு. டீசலோ சூடேறிய காற்றுக்குள் பீய்ச்சப்பட்டு, கலந்து முடிவதற்குள் எரியத் தொடங்கிவிடுகிறது. சிலிண்டர் முழுவதும் பார்த்தால் காற்று தாராளம். பீய்ச்சலின் நடுவிலோ ஆக்சிஜன் பஞ்சம். அங்கே வெப்பத்தில் உடையும் மூலக்கூறுகளிலிருந்து அசிட்டிலீன் போன்ற சிறு வாயுக்கள் பிறந்து, பென்சீன் எனும் கார்பன் வளையங்களாகி, வளையங்கள் பெருகி ஒட்டிக்கொண்டு நுண்ணிய கரித்துகள்களாகின்றன. பெரும்பகுதி சிலிண்டருக்குள்ளேயே எரிந்துபோகும். தப்பியது புகையோடு வெளியேறும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6) என்ற வாகனப் புகை விதி வந்ததும், டீசல் கார் வெளியிடக்கூடிய துகளின் வரம்பு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 ஆகக் குறைந்தது. அதற்காகவே டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி. பராமரிப்புச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வடிகட்டியில் சேரும் கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும். அதற்குச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. வீடு, பள்ளி, அலுவலகம் என்று சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் ஓட்டத்தில் அந்தச் சூடு வராது. எஞ்சின் கூடுதல் டீசலைப் பீய்ச்சிச் சூடேற்றப் பார்க்கும். நாம் பாதியிலேயே சாவியைத் திருப்பிவிடுவோம். இது தொடர்ந்தால் எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் கலக்கும், வடிகட்டியும் அடைத்துக்கொள்ளும். என் மைத்துனரின் காரில் எச்சரிக்கை விளக்கு அணையாமல் போய், பட்டறையில் கணினியை இணைத்துத்தான் கரியை எரித்தார்கள். கரி எரிந்தாலும் ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாமல் தங்கிவிடும். சாம்பல் குறைந்த ஆயிலையே ஊற்றச் சொல்வது அதனால்தான்.

பெட்ரோலிலும் எல்லா எஞ்சினும் ஒன்றல்ல. சிலிண்டருக்குள் நேரடியாகப் பீய்ச்சும் வகையில், பிஸ்டன் மேல் ஈரமாகப் படியும் பெட்ரோல் கரியாகும். அந்த வண்டிகளை நான் அதிகம் ஓட்டியதில்லை. பராமரிப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அடிக்கடி நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகிறவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது. அவர்களுடைய வடிகட்டி ஓட்டத்திலேயே சுத்தமாகிவிடும். டீசலைத் தயங்காமல் எடுக்கலாம்.

பழைய பிஎஸ்6 டீசல் கார் பார்ப்பவர்கள், எவ்வளவு ஓடியது என்பதோடு எங்கே ஓடியது என்றும் கேளுங்கள். நகருக்குள் மட்டும் குறைவாக ஓடிய காரின் வடிகட்டியை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள்.