640 ஷீட் ஃபைலை மொத்தமா ஏத்துனவன் சொல்றேன், மூணு வருஷ அனுபவம்

கலைச்சொல் சேக்குற ஒரு சின்ன குழுல இருக்கேன். பழைய சொற்பட்டியல்களைப் பாத்து டைப் பண்ணி, துறைக்கு ஒரு ஷீட்டா பிரிச்சு, யார் வேணும்னாலும் எடுத்துக்கட்டும்னு ஆன்லைன்ல ஒரு பொதுக் களஞ்சியத்துல போட்டு வைக்கிறோம். டைப் பண்றவங்க பதினஞ்சு பேரு, ஏத்துறவன் நான் ஒருத்தன். மூணு வருஷத்துல 640 ஃபைல் தாண்டிடுச்சு. எந்த தளம்னு சொல்லல, சொல்லி என்ன ஆகப்போகுது, பல்க் அப்லோட் இருக்குற எந்த இடத்துக்கும் இதுல முக்கால்வாசி பொருந்தும்.

முதல் தடவை நடந்ததை சொல்லிடுறேன். 212 ஃபைலையும் செலக்ட் பண்ணி அப்படியே இழுத்து போட்டுட்டு, எவ்வளவு ஏறுச்சுன்னு காட்டுற கோடு ஓடுதுன்னு நம்பி சாப்பிட போயிட்டேன். வந்து பாத்தா பேஜ் அப்படியே நிக்குது, 131 ஏறியிருக்கு, மிச்சம் 81 எதுன்னு கண்டுபிடிக்க வழியே இல்ல. முதல் 131தானேன்னு நினைச்சா அதுவும் இல்ல, பிரௌசர் ஒரே நேரத்துல நாலஞ்சு ஃபைலா அனுப்பும்போது சின்னது எல்லாம் முந்திக்கிட்டு போயிடுது, பெருசு பின்னாடி தங்கிடுது. சரின்னு 212ஐயும் திரும்ப போட்டேன் பாருங்க, அதுதான் தப்பு. பழசு மேல எழுதாம, பேருக்கு பின்னாடி -1 சேத்து புதுசா ஏத்தி வச்சிடுச்சு. பப்ளிஷ் ஆனதை நாமளா அழிக்கவும் முடியாது, நிர்வாகிக்கு எழுதி கேக்கணும், ஒவ்வொண்ணா லிஸ்ட் போட்டு அனுப்பி எல்லாம் சரியாக ரெண்டு வாரம்.

அதுக்கப்புறம் ஒரு தடவைக்கு 40 ஃபைலுக்கு மேல பிரௌசர்ல போடுறதில்ல. எல்லா தளத்துக்கும் ஒவ்வொரு எல்லை இருக்கு, அதை முதல்லயே படிச்சிடுங்க. புரோகிராம் எழுதுறவங்க ஃபைல் போட்டு வைக்கிற கிட்ஹப்ல பிரௌசர் வழியா போட்டா ஒரு ஃபைல் 25 எம்பி வரைக்கும்தான், கிட்ங்குற சாஃப்ட்வேர் வழியா அனுப்புனா 100 எம்பி வரைக்கும் விடும். ஆராய்ச்சி டேட்டா போட்டு வைக்கிற செனோடோவுல சாதாரணமா ஒரு பதிவுக்கு 100 ஃபைல், மொத்தம் 50 ஜிபி. 100 ஃபைலுக்கு மேல இருந்தா ஜிப் பண்ணித்தான் போடணும், ஆனா ஜிப்புக்குள்ள இருக்குறதை யாரும் தனியா தேடி எடுக்க மாட்டாங்க, அதனால எனக்கு ஜிப் பிடிக்காது.

ஆனா உண்மைய சொல்லணும்னா அப்லோட் பெரிய விஷயமே இல்ல. ஃபைலை தயார் பண்றதுலதான் என் நேரம் எல்லாம் போகுது.

எங்க ஷீட்ல பக்க எண்ணுக்குன்னு ஒரு காலம் (column) உண்டு. சொல் ரெண்டு பக்கத்துல வந்தா 3-4ன்னு டைப் பண்ணுவாங்க, எக்ஸெல் அதை உடனே தேதியா மாத்திடும், ஒரு கம்ப்யூட்டர்ல மார்ச் 4, இன்னொண்ணுல ஏப்ரல் 3. காட்டுறதுதான் தேதின்னு இல்ல, உள்ள இருக்குற மதிப்பே நாள் கணக்கா ஒரு எண்ணா மாறிடும், பின்னாடி ஃபார்மேட்டை டெக்ஸ்ட்னு மாத்துனா 45 ஆயிரத்து சொச்சம்னு ஒண்ணு வந்து நிக்கும். இது நம்ம மாதிரி ஆளுங்க பிரச்சனை மட்டும் இல்ல, மரபணு ஆராய்ச்சி பண்றவங்களுக்கே இந்த கதிதான். மார்ச்1, செப்ட்2ன்னு இருந்த ஜீன் பேரெல்லாம் தேதியா மாறி மாறி, கடைசில பேர் வைக்கிற கமிட்டியே 2020ல அந்த பேர்களை மாத்த வேண்டியதா போச்சு. ஒரு சாஃப்ட்வேருக்காக ஜீனுக்கு பேர் மாத்துறாங்கன்னா பாத்துக்கோங்க. 2023ல அந்த தானா மாத்துற வேலைய நிறுத்த எக்ஸெல்ல ஒரு ஆப்ஷன் வந்துச்சு, இருந்தாலும் பதினஞ்சு பேர் கம்ப்யூட்டர்ல அதை யார் போய் செட் பண்றது, அதனால டைப் பண்ண ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே காலத்தை டெக்ஸ்ட் ஆக்கி வச்ச ஒரு காலி ஷீட்டை நானே அனுப்பிடுறேன்.

இதே மாதிரி 0045ன்னு போட்ட வரிசை எண் 45 ஆயிடும். பின்னொட்டுன்னு காட்ட -இயல்னு கோடு போட்டு ஆரம்பிச்சா அதை ஃபார்முலான்னு நினைச்சு எரர் காட்டும். எண் பதினஞ்சு இலக்கத்தை தாண்டுனா மிச்சம் எல்லாம் பூஜ்யம். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவம்னா 65,536 வரிசைக்கு மேல தாங்காது, புதுசுல 10,48,576. இங்கிலாந்துல 2020ல அந்த பழைய வடிவத்தோட எல்லைல முட்டித்தான் 15,841 கொரோனா கேஸ் கணக்குல வராம விட்டு போச்சு.

அதனால ஏத்துறது எல்லாம் சிஎஸ்விதான், அதாவது கமா போட்டு பிரிச்ச வெறும் எழுத்து ஃபைல். எக்ஸெல் ஃபைலை சும்மா திறந்து சேவ் பண்ணாலே அதோட செக்சம், அதாவது ஃபைல் மாறலைன்னு சரிபார்க்க கணக்கு போட்டு எடுக்குற குறியீடு, மாறிடும், உள்ள ஒரு எழுத்து மாறாட்டியும், ஏன்னா அது உண்மைல ஜிப் பண்ண ஒரு மூட்டை, சேவ் பண்ண நேரமும் அதுக்குள்ள போய் உக்காந்துக்கும். சிஎஸ்வில அந்த தொல்லை இல்ல, போன வெர்ஷனுக்கும் இதுக்கும் எந்த வரி மாறுச்சுன்னு பளிச்சுனு தெரியும். எல்லா மொழி எழுத்தையும் தாங்குற யூடிஎஃப்-8 முறைல சேவ் பண்ண மறந்தா தமிழ் எல்லாம் கேள்விக்குறியா போயிடும், அது எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒண்ணு இருக்கு. எக்ஸெல் யூடிஎஃப்-8 சிஎஸ்வி போடும்போது ஃபைல் தொடக்கத்துல கண்ணுக்கு தெரியாத மூணு பைட் சேக்கும். அது இல்லைன்னா டபுள் கிளிக் பண்ணி திறக்கும்போது தமிழ் குப்பையா தெரியும், இருந்தா களஞ்சியம் முதல் காலம் பேரையே புரிஞ்சுக்காது. "சொல்" அப்படிங்குற காலத்தை காணோம்னு எரர், எதிர்ல "சொல்"னு தெளிவா எழுதியிருக்கு, ஒரு சாயங்காலம் முழுக்க அதையே முறைச்சு பாத்துட்டு இருந்தேன்.

தமிழ்ல ஃபைல் பேர் வைக்கலாமான்னு கேப்பாங்க. நான் ஆசையா வச்சவன்தான், இப்போ விட்டுட்டேன். தமிழ் எழுத்துக்கு யூடிஎஃப்-8ல மூணு மூணு பைட், புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனி கணக்கு, "தமிழ்"ங்குற மூணு எழுத்துக்கே 15 பைட் ஆகுது. நிறைய சர்வர்ல பேருக்கு 255 பைட்தான் எல்லை, நீளமா தலைப்பு வச்சா பாதில வெட்டிடும். இன்னொரு கொடுமை "கொ". அதை ஒரே குறியாவும் எழுதலாம், முன்னாடி கொம்பு பின்னாடி கால்னு ரெண்டு குறியாவும் எழுதலாம், ஸ்க்ரீன்ல ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனா கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேற. ஃபைல்களோட விவரம் எழுதி கூடவே கொடுக்குற மெட்டாடேட்டா ஷீட்ல ஒரு மாதிரி, டிஸ்க்ல ஒரு மாதிரி இருந்து, அந்த பேர்ல ஃபைலே இல்லைன்னு திருப்பி அனுப்பிடுச்சு. இப்போ ஃபைல் பேருக்கு வெறும் எண், 0312 மாதிரி, தமிழ் தலைப்பு மெட்டாடேட்டால.

அந்த மெட்டாடேட்டா ஷீட் பத்தி ஒரு குறை. ஃபைல் பேர், தலைப்பு, விவரம், லைசென்ஸ்னு ஒரு வரிசைக்கு ஒரு ஃபைலா எழுதி கொடுத்தா மொத்தமா எடுத்துக்கும், ரொம்ப நல்ல ஏற்பாடு. ஆனா தப்பு இருந்தா முதல் தப்புலயே நின்னுடும், அதை திருத்தி திரும்ப கொடுத்தா அடுத்த தப்பு, இப்படியே எட்டு தடவை. எல்லா தப்பையும் ஒரே லிஸ்ட்டா கொடுத்தா என்ன? வெறுத்துப்போய் நானே ஒரு சின்ன பைத்தான் ஸ்க்ரிப்ட் எழுதி முன்னாடியே செக் பண்ணிக்குறேன், இப்போ பிரௌசர் இல்லாம ஏபிஐ வழியா, அதாவது புரோகிராம் நேரா தளத்தோட பேசுற வழியா, ஏத்துறதும் அதுதான், ஒவ்வொரு ஃபைலும் ஏறுனதும் அங்க காட்டுற செக்சமை இங்க இருக்குறதோட ஒப்பிட்டு லாக்ல எழுதிடும், நடுவுல நெட் போனா விட்ட இடத்துல இருந்து தொடரும். முதல் வருஷமே இதை செஞ்சிருக்கணும்.

ரொம்ப பயந்தது ஒரே ஒரு தடவை. ஒருத்தர் தன்னோட ஷீட்ல டைப் பண்ணவங்க போன் நம்பரை ஒரு காலத்துல போட்டு அதை ஹைட் பண்ணி வச்சிருக்காரு. ஹைட் பண்ணாலும் சிஎஸ்விக்கு மாத்தும்போது அதுவும் சேந்தேதான் வரும். நல்லவேளை பப்ளிஷ் அமுக்குறதுக்கு முன்னாடி காலம் எண்ணிக்கை ஒண்ணு கூடுதலா இருக்கேன்னு கண்ணுல பட்டுச்சு. லைசென்ஸும் அப்படித்தான், மத்தவங்களும் எடுத்து பயன்படுத்தலாம்னு அனுமதிக்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸை ஒரு தடவை கொடுத்துட்டா ஏற்கனவே எடுத்தவங்ககிட்ட இருந்து திரும்ப வாங்க முடியாது, அதனால எல்லாரோட சம்மதமும் வந்த பிறகுதான் அந்த காலத்தை நிரப்புறேன்.

தளத்தை மாத்துவேனான்னா மாட்டேன். பழைய வெர்ஷன் எல்லாம் பத்திரமா இருக்கு, லிங்க் மாறுறதில்ல, மூணு வருஷத்துல ஒரு ஃபைல் கூட தொலையல. அடுத்த செட் 58 ஃபைல் ரெடியா இருக்கு, அதுல ரெண்டுல மட்டும் பக்க எண் மறுபடி தேதியா வந்திருக்கு. காலி ஷீட் அனுப்பியும் யாரோ பழைய ஷீட்லயே டைப் பண்ணியிருக்காங்க, யாருன்னு விசாரிச்சுட்டு இருக்கேன்.