மூணு வருஷமா எனர்ஜி மாடலோட குடித்தனம்

பழைய வீட்ட சரி பண்ணி பின்பக்கம் ஒரு ரூம் இழுக்கலாம்னு ஆரம்பிச்சப்போ எல்லாரும் பண்றத தான் நானும் பண்ணேன், ஜன்னல் எல்லாத்துக்கும் டபுள் கிளாஸ் போட கொட்டேஷன் வாங்கி வச்சேன். அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி எதுக்கும் பாப்போம்னு எனர்ஜிபிளஸ்ங்கற சாஃப்ட்வேர்ல வீட்ட போட்டேன், வீட்டோட கம்ப்யூட்டர் மாடல வச்சு சூடு, கரண்ட் கணக்கு போடுறது. அமெரிக்க எரிசக்தித் துறை இலவசமா குடுக்கறது, ஆனா அது வெறும் இன்ஜின் தான், வரைய ஓபன்ஸ்டுடியோ மாதிரி ஒண்ணு தனியா வேணும். கத்துக்க ரெண்டு மாசம் ஆச்சு, அதுல பாதி நாள் சுவரும் தளமும் சேரலன்னு வந்த எரர தேடுனதுலயே போச்சு.

வெதர் ஃபைல் (ஊரோட மணிக்கணக்கு வெயில், காத்து விவரம்), சுவர் தளம் ஜன்னல் அளவு, யார் எப்ப வீட்ல இருப்பாங்க, ஏசி எத்தன டிகிரி, எல்லாம் குடுத்தா வருஷத்தோட 8760 மணி நேரத்துக்கும் கணக்கு போட்டு சூடு எந்த வழியா வருதுன்னு பிரிச்சு காட்டும். எனக்கு வந்த பதில்ல ஜன்னல் மூணாவது. முதல்ல மொட்டை மாடி, அப்புறம் மேற்கு சுவர். டபுள் கிளாஸ் ஆர்டர் அன்னிக்கே கேன்சல்.

மாடில எவ்ளோ கனத்துக்கு இன்சுலேஷன் போடணும்ங்கறதுல தான் இது காசுக்கு ஒழச்சுது. வெறும் கான்கிரீட் தளத்தோட யூ-வேல்யூ (எவ்ளோ சூட உள்ள விடுதுங்கற அளவு, கம்மியா இருந்தா நல்லது) என் கணக்குல 3.3 கிட்ட. 50 மில்லிமீட்டர் போர்டு போட்டா 0.58, 100 போட்டா 0.32, 150 போட்டா 0.22. அதாவது முதல் 50லயே 80 சதவீதத்துக்கு மேல அடங்கிருது, மீதி எல்லாம் சில்லறை. கடைக்காரர் 150 தான் பெஸ்ட்னு ஒத்த கால்ல நின்னாரு, நான் 75ல நிறுத்திட்டேன்.

ஒரு விஷயம் இதுல வராது. இது சொல்றது வீடு ஓடுறதுக்கு ஆகுற கரண்ட் மட்டும், கட்டுறதுக்கு போற சிமெண்ட், கம்பி செய்யறப்போ வெளியேறுற கார்பன் இதுல கிடையாது. அத தனியா ஒரு ஷீட்ல போட்டு பாத்தப்போ தான் பல வருஷ கரண்ட் சேமிப்புல மிச்சமாகுற கார்பன புது ரூமோட கான்கிரீட்டே முழுங்கிரும்னு தெரிஞ்சுது, அப்புறம் ஸ்டோர் ரூம் சுவர எடுத்துட்டு எக்ஸ்டென்ஷன பாதியா குறைச்சோம். வீட்ல இதுக்கு நடந்த சண்டை தனிக்கதை.

இப்ப குறை. முதல் வருஷ பில் மாடல் சொன்னத விட நல்லாவே அதிகம். சாஃப்ட்வேர் மேல தப்பு இல்ல, நான் தான் பொய் சொல்லிருந்தேன், ஏசி ராத்திரி மட்டும் 26ல ஓடும்னு. உண்மைல பகல்லயும் ஓடுச்சு, அதுவும் 24ல. காத்து கசிவும் குத்துமதிப்பா போட்டது, ஊதுபத்திய கொளுத்தி புது ஸ்லைடிங் டோர் பக்கம் காட்டுனா புகை ஓரத்துல பிச்சுகிட்டு போகுது. வெதர் ஃபைல் வேற பழைய வருஷங்கள்ல இருந்து எடுத்து ஒட்டுன சராசரி வருஷம், நமக்கு வந்த கோடை அப்படியா இருந்துச்சு. எல்லாத்தையும் திருத்தி மாசா மாச பில்லோட ஒப்பிட்டேன், ஆஷ்ரேங்கற அமெரிக்க ஏசி இன்ஜினியர்கள் சங்கத்தோட கைடுலைன் 14ல மாசக் கணக்குக்கு 15 சதவீத வித்தியாசம் வரைக்கும் சரிங்கறாங்க, ரெண்டாவது வருஷம் தான் அதுக்குள்ள வந்தேன். அதனால வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பழைய பில்ல வச்சு பழைய வீட்ட சரியா மாடல் பண்ணிருங்க, நான் பண்ணாம விட்டது அது தான். ஒரே ஒரு ரூமுக்கு பெயிண்ட் மாத்துறவங்களுக்கு இவ்ளோ தலைவலி தேவையே இல்ல.

மேற்கு ஜன்னலுக்கு சன்ஷேட 2 அடில இருந்து 3 அடி ஆக்கி பாத்தேன், பெருசா ஒண்ணும் மாறல, சாயங்கால வெயில் தாழ வர்றதால அடில புகுந்துருது. வெளிப்பக்கம் இறக்குற பிளைண்ட் போட்டதும் நம்பர் சடார்னு விழுந்துச்சு, கண்ணாடிய தொடறதுக்கு முன்னாடியே வெயில் நின்னுருதுல்ல, அதான் வாங்கி மாட்டுனோம். மாடல்ல அது தினம் ரெண்டு மணிக்கு இறங்கிருது. வீட்ல அஞ்சு மணிக்கு யாருக்காவது ஞாபகம் வந்தா இறங்குது.