அப்பாவுக்கு நரம்பு டாக்டர் தேடிய கதை

லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து மூன்று வார லீவில் சேலம் போயிருந்தேன். போனது அத்தை பேத்தி கல்யாணத்துக்கு. ஆனால் லீவு முழுக்கப் பார்த்த வேலை, அப்பாவுக்கு டாக்டர் தேடியதுதான்.

அப்பா செவ்வாய்ப்பேட்டையில் 40 வருஷம் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர். பட்டறையை மூடிய பிறகும், பல் விளக்கும் முன்பே அன்றைய வெள்ளி விலை தெரிந்தாக வேண்டும் அவருக்கு. இந்தத் தடவை நான் போய் நாலு நாளாகியும் விலையைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. ராத்திரி 3 மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கேட்டால், "நெஞ்சு படபடங்குது கண்ணு, வாயுவா இருக்கும்" என்றார். பீரோவில் ஒரு கட்டைப்பை நிறைய ஈசிஜி, எக்கோ, எண்டாஸ்கோபி ரிப்போர்ட்டுகள். எல்லாமே நார்மல். அடியில் பாதி தீர்ந்த தூக்க மாத்திரை அட்டை ஒன்று. டாக்டர் சீட்டே இல்லாமல் ஒரு மெடிக்கலில் 8 மாதமாக வாங்கிப் போட்டிருக்கிறார்.

"நல்ல நரம்பு டாக்டரா பாரு" என்றார் மாமா. நம் ஊரில் இந்தச் சொல்லுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். பக்கவாதம், வலிப்பு, கை நடுக்கம் பார்க்கும் நியூராலஜிஸ்ட் ஒருவர். மனநல டாக்டர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட், என்று வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறவர்கள் போகும் டாக்டர் இன்னொருவர். போர்டுகளும் அதற்கு ஏற்ற மாதிரிதான். தலைவலி, தூக்கமின்மை, நரம்புத் தளர்ச்சி, குடிப்பழக்கம் என்றெல்லாம் எழுதி, மனநலம் என்பதைக் கடைசியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

நானும் முதலில் ஏமாந்தேன். சுவர் முழுக்க சர்டிபிகேட் மாட்டிய ஒரு கவுன்சலிங் சென்டர். முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, 10 சிட்டிங்குக்கு பேக்கேஜ் சொன்னார்கள். அந்த மாத்திரை அட்டையைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

அன்று ராத்திரி 14416-க்குப் போன் செய்தேன். டெலி மனஸ் என்று 2022-இல் மத்திய அரசு தொடங்கிய இலவச உதவி எண், எந்நேரமும் பேசலாம். தமிழிலேயே பொறுமையாகப் பேசினார்கள். மனநலத்துக்கென்றே படித்து மருந்து எழுதுகிறவர் சைக்கியாட்ரிஸ்ட்: எம்.பி.பி.எஸ். முடித்து, மேலே 3 வருஷம் எம்.டி. சைக்கியாட்ரி படித்தவர், டி.பி.எம். என்ற டிப்ளமோ முடித்தவர்களும் உண்டு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர், மருந்து எழுத மாட்டார். டாக்டர் சீட்டில் மெடிக்கல் கவுன்சில் பதிவு எண் இருக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் என் புத்தியில் ஏறியது.

மோகன் குமாரமங்கலம் ஜி.ஹெச்.சிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரையும் இலவசம். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அங்க தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்துருவாங்க." சரி என்று ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு தனியார் கிளினிக்கில் சாயங்காலத்துக்கு டோக்கன் போட்டோம். இங்கிலாந்தில் ஜி.பி. என்கிற குடும்ப டாக்டர் எழுதிக் கொடுத்து, கடிதம் வந்து, சைக்கியாட்ரிஸ்ட் முகத்தைப் பார்க்க மாதக் கணக்காகும். சேலத்தில் அன்றைக்கே பார்த்துவிட்டோம். ஆனால் அந்தக் கதவுவரை வர அப்பாவுக்கு 8 மாதம் ஆகியிருக்கிறது.

உள்ளே சாய்வு நாற்காலியும் இல்லை, ஷாக் மிஷினும் இல்லை. ஒரு மேஜை, பிபி கருவி, நோட்டு. டாக்டர் அம்மாள் முதலில் அப்பாவிடம் தனியாகப் பேசினார், பிறகு என்னையும் கூப்பிட்டார். தூக்கமே பிடிப்பதில்லையா, பிடித்து நடுவில் கலைகிறதா? சாப்பாடு ருசிக்கிறதா? எடை குறைந்ததா? குடி உண்டா? கட்டைப்பையைக் கொட்டி ஒவ்வொரு காகிதமாகப் பார்த்தார். தைராய்டு டெஸ்ட் மட்டும் யாருமே எடுக்கச் சொல்லவில்லை, அதை எழுதினார். அப்புறம் அதே குரலில், "இருந்து என்னத்துக்குன்னு தோணுதுங்களா ஐயா?" என்று கேட்டார்.

அப்பா மேஜைக் கண்ணாடியை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். "அப்பப்ப தோணுதுங்க."

எனக்குக் கை ஜில்லிட்டுப் போனது. டாக்டர் பதறவில்லை. ஏதாவது செய்துகொள்ள யோசித்தாரா என்றும் கேட்டார். இல்லை என்றார் அப்பா. அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். இது மனச்சோர்வு, படபடப்பும் அதோடு சேர்ந்ததுதான் என்றார். புது மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரமாவது ஆகும். பழைய தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். அதுவரை மாத்திரைப் பெட்டி வீட்டில் வேறொருவர் கையில் இருக்கட்டும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஃபீஸ் 500 ரூபாய்.

நான் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது மறுபடி போனோம். வெயிட்டிங் ஹாலில் அப்பாவோடு சேர்ந்து தொழில் செய்த ஒரு பெரியவர் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மின்விசிறியையே பார்த்தார்கள்.

"உங்களுக்கும் தூக்கங்களா?" என்றார் அவர்.

"ஆமாங்க. வெள்ளி இன்னைக்கு என்ன போகுது?"

எங்கள் டோக்கன் நம்பரை இரண்டு தடவை கூப்பிட்டும் அப்பாவுக்குக் கேட்கவில்லை.