ஏழு நாள் முகாமா, வாராவாரம் போய்வருவதா?

கிராமத்தில் தொண்டு செய்யப் போகும் நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) மாணவர்கள் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு.

செலவு: முகாமுக்கு மளிகை, சமையல் ஆள், தங்க இடம் எல்லாம் வேண்டும்.
வாராவாரம் என்றால் பஸ் காசும் கட்டுச்சோறும் போதும்.

வேலை: வாய்க்கால் தூர்வார, சீமைக்கருவேலம் அகற்ற முகாம்தான் சரி. வேரோடு எடுக்காவிட்டால் கருவேலம் மறுபடி தளிர்த்துவிடும். ஒருநாள் மட்டும் வருகிற கூட்டம் மேலாக வெட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும்!
பிள்ளைகளுக்குப் பாடம், முதியோருக்கு ஓய்வூதிய மனு எழுதித் தருவது: இதற்கெல்லாம் வாராவாரம் முகம் காட்ட வேண்டும்.

ஊராரோடு பழக்கம்: பகலில் ஊரே வயலிலும் நூறுநாள் வேலையிலும் இருக்கும். இரவு தங்குபவர்களிடம்தான் மனம்விட்டுப் பேசுவார்கள்.

மண்வெட்டி வேலைக்கு முகாம். படிப்பு, மனுவுக்கு வாராவாரம். வெளியூரில் இரவு தங்க வீட்டில் விடாத மாணவிகளுக்கு இரண்டாவதுதான் வழி.