பீர்க்கங்கூட்டை நாங்களே வாங்கிக்கிறோம் என்று விதை விற்க வந்தால்...

கோவை தொண்டாமுத்தூர் பக்கம் எங்களுக்குக் கல்லுக்கால் பந்தல் 25 சென்ட் இருக்கிறது. பாகல், புடலை மாற்றி மாற்றிப் போடுவோம். போன வருசம் ஆடிப்பட்டத்துக்கு அதில் குளியல் நாருக்கான பீர்க்கு போட்டேன். போட வைத்தார்கள் என்பதுதான் சரி. இப்போது அதே ஆட்கள் வேறு பேரில் பல்லடம் பக்கம் கூட்டம் போடுவதாகக் கேள்விப்பட்டேன். அதனால் எழுதுகிறேன்.

ஆரம்பம் வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ. அப்புறம் அவிநாசி ரோட்டில் ஒரு மாடியில் ஏசி போட்ட அலுவலகம். மேசையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம், அதில் தண்ணீர். அப்பளம் மாதிரி சப்பையாக அமுக்கிய ஒரு நார்த் துண்டை அதில் போட்டார் அங்கே இருந்த தம்பி. கண் முன்னாலேயே உப்பி, கை அகலத்துக்கு மெத்தென்று எழுந்து நின்றது. பிளாஸ்டிக் ஸ்பாஞ்சுக்கு மாற்று, ஏற்றுமதி, ஒரு கூடு, அதாவது காய்ந்த காயின் நார் வலை, 20 ரூபாய், கொடிக்கு 25 கூடு, 200 கொடி, ஆக ஒரு லட்சம் என்று கால்குலேட்டரில் தட்டிக் காட்டினார். விதை ஒன்று 15 ரூபாய், குழிக்கு இரண்டாக 400 விதை, 6,000 ரூபாய். விளைந்ததை அவர்களே வாங்கிக்கொள்ளும் பைபேக் ஒப்பந்தம் 20 ரூபாய் பத்திரத்தில். நான் கையெழுத்துப் போட்டேன். அவர்கள் பக்கம் வெறும் ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் இருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

2012-ல் பெருந்துறையில் இதே மாதிரி ஆசை காட்டிய ஈமு கோழிப் பண்ணைகள் கவிழ்ந்தபோது எங்கள் பங்காளி ஒருவர் பணத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். 'படிச்சவனாட்டப் பேசறான்னு எப்படி நம்புனீங்க?' என்று அன்றைக்கு அவரைக் கேட்டவன் நான்.

விதைப் பொட்டலத்தைப் பிரித்ததும் அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) இரண்டு விதையை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள். "ஏங்கண்ணு, இது நம்ம கறிப் பீக்கங்காய் வெதையாட்ட இருக்குது. தேய்க்கற பீக்கங்காய் வெதை வழவழன்னு, ஓரத்துல ரெக்கையாட்டத் தகடு ஓடும்" என்றாள். ஹைபிரிட் என்று சொல்லிவிட்டேன். அமுச்சி மேற்கொண்டு பேசவில்லை.

அவள் சொன்னது அப்படியே சரி. குளியல் நாருக்கு ஆவது வரி இல்லாமல் வழுவழுப்பாகக் காய்க்கும் மெழுகுப் பீர்க்கு. நுரைப் பீர்க்கு என்றும் சொல்வார்கள். அதன் விதை தட்டையாக, வழவழப்பாக, விளிம்பில் மெல்லிய தகடோடு இருக்கும். குழம்புக்குப் போடுகிற வரிப் பீர்க்கின் விதை சொரசொரவென்று குழி விழுந்திருக்கும், தகடு இருக்காது. பூவிலும் பார்க்கலாம். மெழுகுப் பீர்க்கு காலையில் பளீர் மஞ்சளாகப் பூக்கும். வரிப் பீர்க்கு சாயங்காலம் விரியும், நிறமும் கொஞ்சம் வெளிறியிருக்கும். என் பந்தலில் ஆவணியில் சாயங்காலம் பால் கறக்கிற நேரத்துக்குத்தான் பூ விரிந்தது. அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியிருக்க வேண்டும்.

பிஞ்சில் வரி தெரிந்ததும் விதை விற்ற தம்பிக்குப் போன் போட்டேன். "அண்ணா, வரியெல்லாம் பிஞ்சுல இருக்கறதுதானுங்க. முத்த முத்த மறைஞ்சுருமுங்க. காயைத் தொட்டுறாதீங்க, கூடு கெட்டுப் போயிரும்" என்றார். நான் தொடவில்லை. விதைக்குக் கொடுத்த 6,000-ஐ நான் பெரிய நட்டமாக எண்ணவில்லை. புரட்டாசியில் கறி எடுக்காத வீடுகளெல்லாம் காய் வாங்குகிற மாதத்தில், பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டிய பிஞ்சை எல்லாம் கொடியிலேயே முத்த விட்டேனே, அதுதான் நட்டம். முத்தின காய் கொடியில் தொங்கினால் புதுப் பிஞ்சும் பிடிக்காது. ஒரு போனில் ஒரு போகம் போய்விட்டது.

மார்கழியில் காய்ந்த காய் குலுக்கினால் கலகலத்தது. நல்ல மெழுகுப் பீர்க்கு அந்தப் பதத்தில் பழுப்பாகி, எடை விட்டு லேசாகிவிடும். தோலை அமுக்கினால் உடைந்து உரியும், உள்ளே நார் வலை முழுசாக நிற்கும். விதையைக் கொட்டி அலசிக் காய வைத்தால் வேலை முடிந்தது. என்னுடையதை ஒரு ராத்திரி ஊறப்போட்டும் வரிப் பக்கமெல்லாம் தோலும் நாரும் சேர்ந்தே பிய்ந்தன. தேறினதும் முதுகில் வைத்தால் கீறுகிற முரடு. ஒரு மூட்டை கொண்டு போனேன். "எங்க தரத்துக்கு இல்லீங்க, பத்திரத்துல போட்டிருக்கோமே" என்றார்கள். போட்டுத்தான் இருந்தது, கடைசி வரியில், பொடி எழுத்தில். அடுத்த வாரம் போன் அணைந்து கிடந்தது. அலுவலகக் கதவில் 'வாடகைக்கு' அட்டை.

ரசீது என்று கொடுத்தது 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச் சீட்டு. ரகப் பெயர் இல்லை, குவியல் எண் (லாட் நம்பர்) இல்லை, முளைப்புத் திறன் இல்லை. விதை விற்பவருக்கு உரிமம் வேண்டும், அதை முதல் நாளே காட்டச் சொல்லிக் கேட்டிருக்கலாம். ஏமாந்தவர்கள் மிச்ச விதையையும் பொட்டலத்தையும் தூக்கி எறியாமல் வைத்து விதை ஆய்வாளரிடம் புகார் கொடுங்கள். விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருசத்துக்குள் போகலாம். எனக்கு மிஞ்சிய 12 விதையும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கின்றன, அதை வைத்துத்தான் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு மூட்டைக் கூடு அட்டாலியில் கிடக்கிறது. அமுச்சி தினம் ஒன்றை எடுத்து எருமையைத் தேய்க்கிறாள். அதற்கு அந்த முரடு பிடித்திருக்கிறது போல, அசையாமல் நிற்கிறது. நிஜமான மெழுகுப் பீர்க்கு விதை யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். பத்து விதை போதும், வேலியோரம் போட. வந்ததும் முதலில் அமுச்சி கையில் கொடுத்துவிடுகிறேன்.